அரசன் பெயரைத் தாண்டிப் படித்தால்

வரலாற்று ஆசிரியர் என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்பது ராஜாக்களைப் பற்றித்தான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார், ராஜேந்திரன் கடாரம் போனது எதற்கு, பாண்டியன் பெரியவனா சோழன் பெரியவனா. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் கல்லூரியில் பாடம் நடத்திய காலம் முழுக்க, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டு படித்ததில் எனக்குக் கிடைத்தது வேறு. ஒரு மனைவி, ஓர் இடையர், ஒரு வைத்தியர், எருமையைக் காக்கப் போய்ச் செத்த ஓர் இளைஞன், ஏரிக்குத் தூம்பு, அதாவது மதகு, வைத்துக்கொடுத்த ஒரு மனிதர் என்று இப்படிப்பட்டவர்களோடு ஏற்பட்ட பழக்கம் அது. அன்பு, படிப்பு, தண்ணீர், சாவு பற்றியெல்லாம் நான் இன்றைக்கு நினைப்பதில் பெரும்பகுதி இவர்களிடம் கற்றதுதான். அதை எழுதுகிறேன். நீங்களே போய்ப் படிப்பதற்கு உதவும் என்று படுவதையும் நடுநடுவே சொல்கிறேன்.

முதலில் ஒரு வழி. சோழர் கல்வெட்டு பெரும்பாலும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும். அடுத்து மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழ்ப் பாட்டு. ‘திருமகள் போல’ என்று எடுத்தால் முதலாம் ராஜராஜன். ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் ராஜேந்திரன். ‘புகழ்மாது விளங்க’ என்றால் முதலாம் குலோத்துங்கன். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு ஒரு பெரிய கோயிலைச் சுற்றி வாருங்கள், பாதிச் சுவரின் காலம் பிடிபட்டுவிடும். ஆர்வத்தோடு வருகிறவர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அரசன் பெயரைக் கண்டுபிடித்ததும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மெய்க்கீர்த்தி முடிந்து, ‘யாண்டு’ என்று ஆட்சியாண்டு வந்து, வளநாடு, நாடு, ஊர் எல்லாம் வந்த பிறகுதான் மனிதர்கள் வருவார்கள். கொஞ்சம் பொறுமையாக அதுவரை போக வேண்டும்.

அங்கே அடிக்கடி வருவது விளக்கு. இரவும் பகலும் அணையாத விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். அது ஒன்று எரிய ஒரு நாளைக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடுப்பார்கள். கல்வெட்டு அவற்றை ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லும். கிழடு தட்டினாலும் செத்தாலும் குட்டிகளை வைத்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. யாருடைய பெயரில் விளக்கு என்று பார்த்தால் அம்மா, அண்ணன், செத்துப்போன மகன் என்று வரும். சில இடங்களில் கொன்றவனே செத்தவனுக்காக வைப்பது போல ஒன்று வரும். வேட்டைக்குப் போன இடத்தில் விட்ட அம்பு தவறி ஒருவர் மேல் பட்டு, அவர் இறந்துபோகிறார். ஊரும் நாட்டாரும் கூடுகிறார்கள். பகையால் நடந்ததல்ல, கை தவறி நடந்தது என்று பார்த்து, உயிருக்கு உயிர் கேட்காமல், இறந்தவருக்காகக் கோயிலில் விளக்கு எரிக்கச் சொல்கிறார்கள். இப்படி ஒரு கல்வெட்டை முதல் தடவை முழுதாகப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அம்பு விட்டவன் அந்த ஊரிலேயேதான் மிச்ச நாளைக் கழித்திருப்பான். செத்தவனின் வீட்டாரும் அதே கோயிலுக்குத்தான் வந்திருப்பார்கள். இருவரும் அடுத்தடுத்து வாழ்வதற்கு ஒரு வழி தேடித் தந்திருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். ஒரு குற்றத்துக்குப் பிறகும் வாழ்க்கை தொடர்ந்தாக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை.

காதல் என்று கேட்டால் இரண்டு இடங்களைச் சொல்வேன்.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பாட்டாகவே இருக்கிறது. அதில் அவன் தாய் வானவன் மாதேவி வருகிறாள். சுந்தர சோழன் இறந்ததும் அவனோடு தீயில் புகுந்தவள். ‘முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகன் பிரியாத் தையல்’ என்று கவிஞர் பெருமையாகப் பாடுகிறார். பால்குடிக்கும் பிள்ளையைப் பிரிந்தாள், முழங்கும் தீயின் நடுவிலும் கணவனைப் பிரியவில்லை என்று பொருள். தமிழாகப் பார்த்தால் அபாரமான வரி. ஒரு தகப்பனாக அதைப் படிக்கும்போது ‘முலைமகப் பிரிந்து’ என்ற இடத்தைத் தாண்டவே முடியவில்லை.

இன்னொன்று கும்பகோணத்திலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய கோனேரிராஜபுரம், பழைய பெயர் திருநல்லம். அங்கே செம்பியன் மாதேவி கட்டிய கற்றளி, அதாவது கற்கோயில், இருக்கிறது. சோழ அரசர் கண்டராதித்தரின் மனைவி. கணவர் இறந்தபோது மகன் உத்தமன் சின்னப் பிள்ளை. அவள் தீயில் புகவில்லை. மகனை வளர்த்து, அவன் அரசாண்டதைப் பார்த்து, அதற்கப்புறம் ராஜராஜன் ஆட்சியிலும் இருந்தாள். செங்கல் தளிகளாக இருந்த கோயில்களை ஒவ்வொன்றாகக் கல்லாக மாற்றிக்கொண்டே போனாள். திருநல்லத்துச் சுவரில் ஒரு சின்னப் புடைப்புச் சிற்பம், கண்டராதித்தர் லிங்கத்தைத் தொழுதபடி இருக்கிறார். கணவர் பெயரால் இந்தக் கற்றளியை எடுப்பித்து, அவர் இங்கே திருவடி தொழுகின்றவராக அமைத்ததாக அதன் கீழே எழுதி வைத்திருக்கிறாள். அவர் போய் வெகுகாலம் கழித்து வெட்டிய எழுத்து.

இருவரும் ஒரே குடும்பத்துக்கு வாழ வந்த பெண்கள். பாட்டில் இடம் பிடித்தவள் தீயில் போனவள். நான் செம்பியன் மாதேவியின் பக்கம். பிரிவுக்குப் பிறகு வருஷக்கணக்காக உயிரோடு இருந்து, அன்பை உளிச்சத்தமாகவும் கற்சுவராகவும் ஊருக்குப் பயன்படும்படி மாற்றியவள் அவள். துணையை இழந்த நண்பர்கள் யாராவது என்னிடம் வந்து உட்கார்ந்தால் நான் புத்திமதி சொல்வதில்லை. முடிந்தால் ஒருமுறை கோனேரிராஜபுரம் போய்வரலாம் என்று மட்டும் சொல்வேன். சிலரைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன்.

திருக்கோவலூர்க் கல்வெட்டை விடுவதற்கு முன் ஒன்று. அதிலேயே கபிலரும் வருகிறார். பாரியின் மகளை மலையர்க்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே தீயில் புகுந்தார் என்கிறது. ஆற்றுக்குள் இருக்கும் அந்தப் பாறையைத்தான் இன்றும் கபிலர் குன்று என்கிறோம். நண்பன் இறந்த பிறகு அவன் பிள்ளைகளுக்கு வழி செய்துவிட்டுத்தான் சாவேன் என்று இருந்த மனிதர். என் மாணவர்கள் இந்த இடத்தில், “அப்போ கபிலர் இப்படித்தான் இறந்தாரா சார்?” என்று கேட்பார்கள். கபிலர் சங்க காலத்தவர், இந்தக் கல்வெட்டு ஆயிரமாவது ஆண்டை ஒட்டியது. நடுவில் பல நூற்றாண்டுகள். ஆகவே கபிலர் எப்படி இறந்தார் என்பதற்கு இது சாட்சியாகாது. ராஜராஜன் காலத்தில் திருக்கோவலூர் மக்கள் அவரை எப்படி நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. கல்லில் இருப்பதாலேயே நடந்தது என்று ஆகிவிடாது. யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். இந்தக் கேள்வி இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் வரலாற்றுக்கும் அப்படியே பொருந்தும். அனுப்பியவர் மனம் நோகாமல் கேட்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பற்றி எழுத எண்ணாயிரத்துக்குப் போக வேண்டும். விழுப்புரம் பக்கத்து ஊர். ராஜேந்திரன் காலத்தில் அங்கே ஒரு கல்லூரி நடந்தது. இளம் மாணவர்கள் 270 பேர், மேல்நிலையில் 70 பேர், சொல்லிக்கொடுக்க 14 ஆசிரியர்கள். யார் எந்த வேதம், எத்தனை பேர் இலக்கணம், எத்தனை பேர் மீமாம்சை என்று கணக்கு இருக்கிறது. சின்னவர்களுக்கு ஒரு நாளைக்கு ஆறு நாழி நெல், பெரியவர்களுக்குக் குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. படிக்கிற பிள்ளைக்குச் சோறு போட்டால்தான் படிப்பு ஓடும் என்பது தெரிந்தவர்கள். அதே நேரம், படித்தவை வேதமும் சாத்திரமும். அந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் நான் வகுப்பு எடுப்பேன். பெருமையை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். குறையை மட்டும் சொன்னால், 340 பேருக்குத் தினம் சோறு போட ஓர் ஊர் செய்த ஏற்பாட்டைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளாமலே போவார்கள்.

நான் எழுத்துப் படித்தது ஒரு மூத்த ஆசிரியரிடம். அவர் சொல்லிக்கொடுத்த முறை எளியது. ஒருவர் படிக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். தனியாகப் படித்தால் கண் தனக்கு வேண்டியதைப் படித்துவிடும். பழைய எழுத்தில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்று போலவே இருக்கும். ‘எரி’யா ‘ஏரி’யா என்பதை வரியின் போக்கு பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சத்தமாகப் படித்தால் எதிரில் இருப்பவர் காதில் தப்பு உடனே உறைக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் எழுத்தில் தொடங்குங்கள். இன்றைய தமிழுக்கு மிகப் பக்கம். வட்டெழுத்துக்கும் தமிழ்ப் பிராமிக்கும் அப்புறம் போகலாம்.

கையில் ஒரு டார்ச்சு போதும். நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். வெளிச்சுவர் என்றால் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் அந்த வேலையைச் செய்துவிடும். உச்சி வெயிலில் போவது வீண். சாக்பீஸ், மாவு, எண்ணெய், கம்பி பிரஷ் எதுவும் கல்லைத் தொடக் கூடாது. மைப்படி, அதாவது எழுத்தை மையால் தாளில் படி எடுப்பது, தனிக் கலை. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஈரம் வற்றி வரும்போது மைப் பஞ்சால் ஒற்றினால் கறுப்பின் மேல் எழுத்து வெள்ளையாக எழும்பும். பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. மற்றவர்களுக்கு நல்ல படம் போதும். வீட்டுக்கு வந்ததும், புதுக் கல்வெட்டு கண்டுபிடித்தேன் என்று பத்திரிகைக்குச் சொல்வதற்கு முன், ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளையும் 1887 முதல் வெளிவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் புரட்டிப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் மாட்டு வண்டியில் வந்து அதைப் படித்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் கோயில். வீரராஜேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. அதில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆசுபத்திரி. பதினைந்து படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துக்கு மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். எல்லோருக்கும் சம்பளம் எழுதியிருக்கிறது. வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் இருக்கிறது. இரவில் எரிய விளக்குக்கு எண்ணெய்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே நடந்த பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வரை யோசித்திருக்கிறார்கள். என் அம்மா படுக்கையில் இருந்த மாதங்களில் ஆசுபத்திரி வராண்டாவில் இந்தப் பட்டியல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. வைத்தியரை எல்லோரும் நினைப்பார்கள். தண்ணீர் கொண்டுவருகிறவரையும் துடைத்துவிடுகிற பெண்ணையும் அதே கல்லில் ஏற்றிய கணக்கர் ஒரு நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஆயாக்களின் பெயர்களை அன்றைக்கே கேட்டு என் நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்றும் அவர்களைப் பெயர் சொல்லித்தான் வீட்டில் பேசுகிறோம். வீட்டில் நோயாளி இருக்கிறவர்களுக்கு இதை ஒரு யோசனையாகவே சொல்கிறேன். பெயர் தெரிந்துகொண்டால் அவர்கள் நம்மைப் பார்க்கும் விதமும் நாம் அவர்களைப் பார்க்கும் விதமும் மாறும்.

இயற்கையை எனக்குக் கற்றுத்தந்தது ஏரிகள்தான். புதுக்கோட்டைப் பக்கத்தில் பழைய ஏரிகளுக்குள் இரண்டு கல்தூண்கள் குறுக்குச் சட்டத்தோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழித் தூம்பு. பல தூண்களில் எழுத்து உண்டு, தூம்பு செய்து கொடுத்தவர் பெயர் இருக்கும். ஏரி நிறைந்திருக்கும்போது படிக்க முடியாது. கோடையில் தண்ணீர் இறங்கி, சேறு காய்ந்து, கால் பதியாத அளவுக்கு வந்த பிறகுதான் கிட்டப் போகலாம். அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால் இன்னொரு வருஷம். ஏரியின் வசதிக்கு நம் வேலையை அமைத்துக்கொள்ளப் பழகியது எனக்குப் பெரிய நன்மை.

தூண்களுக்குக் கீழே, தரையோடு தரையாக, ஒரு கல்தொட்டி புதைந்திருக்கும். அதன் மேல்பலகையில் ஒரு துளை, அது நீரோடி. பக்கவாட்டில் கீழே சின்னத் துளைகள், அவை சேறோடி. மேலே அடைப்புக் கல்லைத் தூக்கினால் நீரோடி வழியாகத் தெளிந்த தண்ணீர் வேகமாக இறங்கும். அந்த வேகத்தில் சேறோடிகள் அடியில் படிந்த வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். வயலுக்குத் தண்ணீரும் போகிறது, வண்டலும் போகிறது, ஏரியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துபோவதிலிருந்து தப்புகிறது. ஏரிக்கு உள்ளே ஆள் நீந்திப் போய்த்தான் திறக்க வேண்டும். ஆபத்தான வேலை. இதைச் செய்தவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்ததாகக் கல்வெட்டு இல்லை. தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

உத்தரமேரூரில் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் சொல்கிறோம். அங்கே ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஒரு வாரியம் இருந்தது என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஏரி கட்டுவதை மன்னன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். வருஷா வருஷம் தூர்வாருவதற்கு ஊர்தான் வேண்டும்.

தானக் கல்வெட்டுகளின் கடைசி வரிக்கு வருகிறேன். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத வரி அது. தானத்தை எழுதி, சந்திரரும் சூரியரும் உள்ளவரை நடக்கும் என்று சொல்லி, பல இடங்களில் இப்படி முடிப்பார்கள்: இந்தத் தர்மத்தைக் காத்தவன் ஸ்ரீபாதம் என் தலைமேல். கொடுத்தவர் பெரிய அதிகாரியாக இருப்பார், சில சமயம் அரசகுலத்தவராகவே இருப்பார். அவர் யாருக்கு வணக்கம் சொல்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். தனக்குப் பின்னால் எப்போதோ பிறக்கப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்கு. அந்த விளக்குக்கு நெய் ஊற்றப்போகிற இடையருக்கு, அந்த ஏரிக்கரையைப் பார்த்துக்கொள்ளப்போகிற வேலையாளுக்கு. அன்பு என்பது நமக்குத் தெரிந்தவர்களிடம் காட்டுவது என்றுதான் நான் வளர்ந்தேன். இன்னும் பிறக்காதவர்களிடமும் அன்பு வைக்கலாம், அவர்களை நம்பலாம், அவர்கள் காலில் விழவும் செய்யலாம் என்று கல்வெட்டுகள்தான் காட்டின. என் வாழ்க்கையில் நான் எடுத்த பல முடிவுகள், நிலத்தில் என்ன மரம் வைப்பது என்பது முதல் மாணவனுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பது வரை, இந்த வரியைப் படித்த பிறகு மாறின.

செங்கம் பக்கத்தில் நடுகற்கள் நிறைய. பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஒரு கல்லின் முன் நாங்கள் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது, ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

“என்ன சாமி எழுதியிருக்கு எங்க வேடியப்பன்ல?”

“ஆநிரையை மீட்கப் போய்ச் செத்த ஒருத்தருக்கு வச்ச கல்லுங்கம்மா.”

அந்தப் பகுதியிலேயே எடுத்தனூரில் இருக்கும் கல்லைப் பற்றியும் சொன்னேன். மகேந்திரவர்மன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற இளைஞன், அவன் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நாய்க்குப் பேரு இருந்திச்சா? எழுதியும் வச்சாங்களா?” என்றார். தன்னிடம் இருந்த நாயின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பல்லவ மன்னனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த முறை நாங்கள் அந்தப் பக்கம் போனபோது கல்லைச் சுற்றி முள் வெட்டிச் சுத்தமாக இருந்தது, எண்ணெய்ப் பூச்சை எழுத்தின் மேல் படாமல் நிறுத்தியிருந்தார்கள். அவர்தான் ஊரில் சொல்லியிருக்கிறார். படித்ததை அந்த இடத்திலேயே, அந்த ஊர்க்காரர்களிடம், அவர்கள் பேச்சிலேயே சொல்லிவிட்டு வருவதைவிட ஒரு கல்லுக்குப் பெரிய பாதுகாப்பு கிடையாது. நடுகல்லை நல்லெண்ணத்தில்கூட இடம் மாற்றாதீர்கள். ஊரோடு இருப்பதுதான் அதற்கு உயிர்.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்குகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே போய்விடுங்கள். கற்களைப் பிரித்து அடுக்கும்போது வரிசை மாறி, எழுத்துள்ள கல் தலைகீழாகத் தரையில் பதிந்துபோனதை எத்தனையோ ஊரில் பார்த்துவிட்டேன். சுத்தம் செய்கிறோம் என்று அடித்த மணல் வீச்சில் எழுத்தையே இழந்த சுவர்களும் உண்டு. செயல் அலுவலரிடமோ தர்மகர்த்தாவிடமோ அனுமதி கேட்டு, கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, குமுதம், பட்டிகை, சுவர் என்று படை படையாக, ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வரும்படி எடுங்கள். எந்தப் பக்கச் சுவர், எத்தனையாவது வரிசை என்று தாளில் எழுதி வையுங்கள். பிரிக்கப்போகும் கற்களுக்கு எண் போடச் சொல்லி ஸ்தபதியிடம் கேளுங்கள், நல்ல ஸ்தபதிகள் மறுக்க மாட்டார்கள். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். படங்களின் ஒரு பிரதியை ஊர்ப் பள்ளியிலும் கொடுத்துவிடுங்கள்.